ஹெமேதா வீட்டு முட்டை

எகிப்தின் ஃபயூமில் எங்கள் வாய்க்கால் பாயும் ஊர்களில் ஹெமேதா குடும்பத்தைப் பற்றி இரண்டு விஷயங்கள் சொல்வார்கள். கொடுத்த வாக்கை மாற்ற மாட்டார்கள். முட்டையை விலைக்கு வாங்க மாட்டார்கள். முதலாவது என் தகப்பனார் சம்பாதித்த பெயர். இரண்டாவது என் மனைவி வஹீபா சம்பாதித்தது. அவள் ஹாத்தூர் மாதத்தில், கோதுமை விதைப்பு முடிந்த மறுநாள், காய்ச்சலில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன். அடுத்தவர் வாயிலிருந்து வேறு விதமாக வெளிவருவதைவிடக் குடும்பத்துக்கு மூத்தவன் நானே சொல்லிவிடுவது முறை.

எங்கள் பக்கத்தில் மகளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தால் மூன்றாம் நாளுக்குள் தாய்வீட்டிலிருந்து ஈச்ச ஓலைக் கூடை போக வேண்டும். வைக்கோல் தூள் பரப்பி, அதில் நூறு முட்டை. கூடவே உயிர்க் கோழி நான்கு. முட்டை வீட்டுக் கோழி இட்டதாக இருக்க வேண்டும். சம்பந்தி வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து கூடையைப் பிரிப்பார்கள். ஒன்றிரண்டை உடைத்து மஞ்சள் கருவின் நிறம் பார்ப்பார்கள். மருமகள் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் என்பதற்கு அந்தக் கூடைதான் சாட்சி.

என் மகள் இன்ஷிராஹுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை. அவள் மாமியார் தஹிய்யா வாய் நீண்டவள். ஒரு பெருநாளன்று, வஹீபா கொண்டுபோன முட்டைகளைக் கையில் வாங்கிக்கொண்டே, இருபது பெண்கள் நடுவில், "உங்க வீட்டுல கோழி மட்டுந்தான் பெத்துப்போடும் போல" என்று சொன்னாளாம். வஹீபா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஏழாம் வருடம் இன்ஷிராஹ் உண்டானாள். வஹீபாவுக்கு அது தெரியும், பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

நாற்பதாம் நாள் துக்கத்துக்கு வந்திருந்த இன்ஷிராஹ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, கூடை வரும்ல?"

"ஏம்மா வராது?"

"அம்மா இருந்தா எப்படி வருமோ அப்படி வரணும். நூறும் நம்ம கோழி போட்டதா இருக்கணும். அந்தப் பொம்பள எண்ணிப் பாப்பா."

"ஹெமேதா வாக்கு" என்றேன். அதற்குமேல் எங்கள் வீட்டில் பேச்சு கிடையாது.

கோழிகள் மொட்டை மாடியில் இருந்தன. இருபத்து மூன்று. மாடி பெண்களின் இடம். அங்கே நின்றால் அக்கம்பக்கத்து வீட்டு முற்றங்கள் எல்லாம் தெரியும். அதனால் ஆண்பிள்ளை ஏறுவதானால் கீழ்ப்படியிலேயே "யா சாத்திர்" என்று குரல் கொடுத்து, மூடிக்கொள்ள அவகாசம் விட்டுத்தான் ஏற வேண்டும். முப்பத்தைந்து வருடத்தில் நான் பத்து முறை ஏறியிருந்தால் அதிகம். வஹீபா அங்கே என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை. முட்டை வந்தது. அது போதுமாக இருந்தது.

அவளுக்குப் பிறகு கோழி வேலை மருமகள் ஷலபிய்யாவுக்கு வந்தது. அவள் கரூன் ஏரிக்காரி. தகப்பன் பஸ்யூனி படகு வைத்து மீன் பிடிப்பவன். என் மகன் முத்தவல்லி அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். வஹீபாவும் அவன் பக்கம் நின்றாள். நான் நிக்காஹ் அன்று ஏரிக்கரைக்குப் போய்விட்டு வந்தவன், எட்டு வருடமாக மறுபடி அந்த வாசலை மிதிக்கவில்லை. நிலம் உள்ளவனுக்கும் வலை உள்ளவனுக்கும் நடுவே எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே ஒரு கோடு உண்டு.

துக்கம் முடிந்த வாரம், மதியத் தொழுகை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் முற்றமெல்லாம் மீன் நாற்றம். அடுப்பில் ஒரு தகர டப்பாவில் மீன்தலைகள் வெந்துகொண்டிருந்தன. பக்கத்தில் உரலில் ஏதோ வெள்ளையாக இடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

ஷலபிய்யா எழுந்து நின்றாள். "கோழிக்கு, மாமா. மீன்தலையும் கிளிஞ்சல் பொடியும். மாமி இருந்தப்போ..."

"செத்தவங்க வாயில வார்த்தையப் போடாத."

அவள் உலக்கையைக் கீழே வைத்தாள்.

"இந்த வீட்டுக் கோழி இந்த வீட்டு நிலத்துல விளைஞ்சதத் திங்கும். களஞ்சியத்துல மக்காச்சோளம் இருக்கு, கோதுமை இருக்கு. எவ்வளவு வேணுமோ அள்ளிப் போடு. தவிடு, புல்லு, எச்சில் ரொட்டின்னு பிச்சைக்காரக் கோழி மாதிரி வளக்க வேண்டாம். நாளைக்குக் கூடையப் பிரிக்கும்போது மீன் நாத்தம் வந்தா என் மக எங்க போய் முகத்த வெச்சுக்குவா?"

"சரி மாமா" என்றாள். டப்பாவை அப்படியே கொண்டுபோய்த் தெருப் பூனைகளுக்குக் கொட்டினாள்.

அடுத்த மாதம் பஸ்யூனி கழுதை வண்டியில் வந்தான். மாதம் ஒருமுறை வருவான். மகளைப் பார்க்க வருகிறான் என்று நினைத்திருந்தேன். வண்டியில் ஒரு சாக்கு இருந்தது. வாசலில் நான்தான் நின்றிருந்தேன்.

"ஹாஜ், கோழிக்குன்னு கொண்டாந்தேன்."

"எங்க வீட்டுக் கோழி ஏரிக் குப்பை தின்னாது, பஸ்யூனி."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கழுதையின் கழுத்தைத் தட்டித் திருப்பினான். வாசலுக்கு வந்தவனைத் தேநீர் கொடுக்காமல் அனுப்புவது எங்கள் நாட்டில் பாவம். அதை நான் செய்தேன். செய்துவிட்டு நிமிர்ந்தே உள்ளே போனேன்.

கோழிகளுக்கு மக்காச்சோளம் தாராளமாகப் போயிற்று. தூபா மாதக் குளிரில் முட்டை குறைந்தது. குளிர் என்று சொன்னேன். வந்ததிலும் பாதி தோல்முட்டை; கையில் எடுத்தால் நனைந்த காகிதம் போல அமுங்கிற்று. அம்ஷீர் மாதம் புழுதிக் காற்று வீசியது. காற்று என்று சொன்னேன். கோழிகள் ஒன்றின் முதுகை ஒன்று கொத்திச் சிறகைப் பிடுங்கித் தின்றன. இட்ட முட்டையையும் குத்திக் குடித்தன. கண்ணேறு என்று சொல்லி சாம்பிராணி போடச் சொன்னேன். ஷலபிய்யா ஒரு சொல்லும் எதிர்த்துச் சொல்லாமல் புகை போட்டாள்.

மகளின் கணக்குப்படி இன்னும் ஐந்து வாரம். ஒரு நாளைக்கு இரண்டு முட்டை, சில நாள் ஒன்று. முத்தவல்லி லாரி ஓட்டுகிறவன். வெள்ளிக்கிழமைதான் வீட்டில் இருப்பான். அவன் சொன்னான், "அப்பா, பண்ணை முட்டை தட்டு தட்டா அடுக்கி வெச்சிருக்கான். வாங்கிப் போட்டுட்டு வேலையப் பாப்போமே."

"பண்ணை முட்டை வெள்ளையா இருக்கும். உன் தங்கச்சி மாமியாருக்குக் கண்ணு இல்லையா?"

ஆனாலும் செவ்வாய்ச் சந்தைக்குப் போனேன். பார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். முட்டை விற்கும் உம் ஷஹ்த்தா என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக் கத்தினாள்.

"ஜனங்களே, ஹெமேதா வீட்டு ஹாஜ் முட்டைக் கடைக்கு வந்திருக்காரு! கியாமத்து நாள் கிட்ட வந்திருச்சு, எல்லாரும் பாவமன்னிப்புக் கேட்டுக்கோங்க!"

"சத்தம் போடாத. நாட்டு முட்டை இருக்கா?"

"இல்லாமலா? பாருங்க, பொன்னு மாதிரி."

செம்பழுப்பு நிறத்தில் அழகாக இருந்தன. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலை நாக்கில் நனைத்துத் தேய்த்தேன். நிறம் விரலில் வந்தது. தேநீர்ச் சாயம்.

உம் ஷஹ்த்தா கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "கல்யாணப் பொண்ணுக்கும்தான் முகத்துல பூசுறாங்க. முட்டைக்குப் பூசினா மட்டும் குத்தமா?"

நான் திரும்பி நடந்தேன். அந்த முட்டையை ஒரு நொடி கீழே வைக்க மனம் வராமல் கையில் பிடித்திருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை மகனுக்காக ஒரு கோழியை அறுத்தேன். ஷலபிய்யா முற்றத்தில் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்தாள். வயிற்றைக் கீறியவள் நிறுத்திக்கொண்டு, தட்டை என் பக்கம் நகர்த்தினாள். உள்ளே குடலைச் சுற்றி மஞ்சள் கொழுப்பு, என் இரண்டு விரல் கனம். முட்டைப் பையில் திராட்சைக் குலை போலப் பெரிதும் சிறிதுமாகக் கருக்கள் இருக்க வேண்டும். பருப்பு அளவில் ஏழெட்டு மணிகள் இருந்தன. அவ்வளவுதான்.

"இது நோயா?" என்றேன்.

"இல்ல மாமா. கொழுப்பு."

"வஹீபா என்ன போட்டா?"

ஷலபிய்யா கத்தியைத் துடைத்தாள். "செத்தவங்க வாயில வார்த்தையப் போடாதன்னு நீங்கதான் சொன்னீங்க."

குத்தலாகச் சொல்லவில்லை, கட்டளையைக் கடைப்பிடிப்பவள் போலச் சொன்னாள். அதுதான் உறைத்தது. வீட்டுக்கு மூத்தவன், மருமகளிடம், மகன் பார்த்துக்கொண்டிருக்க, கேட்க வேண்டியிருந்தது.

"நான் கேக்குறேன். சொல்லு."

சொன்னாள். மக்காச்சோளம் ஒரு பங்குதான். கோதுமைத் தவிடு ஒரு பங்கு. ஊறவைத்து நசுக்கிய ஃபூல் பயற்றுத் தோல். காலையில் பெர்சீம் புல் பொடியாக நறுக்கி. கிளிஞ்சல் பொடி தனிச் சட்டியில் எப்போதும் இருக்க வேண்டும். ஓடு கட்டும் கோழி தேவையறிந்து அதைத் தின்னும். பிறகு மீன். வெயிலில் காயவைத்து இடித்த பொடி, இருபது கோழிக்கு ஒரு பிடி.

"நான் வாக்கப்பட்டு வந்த வருஷம் இங்க கோழி குளிர்காலத்துல முட்டையே போடாது. எங்க வீட்டுல போடுமேன்னு சொன்னேன். மாமி அப்பாகிட்ட ஒரு சாக்கு கேட்டாங்க. அன்னையிலேர்ந்து மாசா மாசம் வந்துச்சு. நீங்க வயலுக்குப் போன பிறகு கலப்போம். உங்களுக்கு வாடை பிடிக்காதுன்னு."

"அதுக்கு முன்னாடியும் வஹீபா முட்டைக்குப் பேரு உண்டு."

"உண்டு மாமா. கோடைக்கால முட்டைக்கு உண்டு."

முத்தவல்லி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரிந்திருந்தது. இந்த வீட்டில் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

"உன் அப்பாவ ஒரு சாக்கு கொண்டாரச் சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன் மாமா" என்றாள் ஷலபிய்யா. எட்டு வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் மறுப்பு. "அவர் இந்த வாசலுக்கு வந்துதான் திரும்பிப் போனாரு."

மறுநாள் நல்ல ஜலாபியா அங்கியைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். பஸ்யூனி வாசலில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். எழுந்தான். எழுந்திருக்காமல் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"வாங்க ஹாஜ். வாடை தாங்குவீங்களா?"

"தாங்குவேன்."

"மொதல்ல தேத்தண்ணி. எங்க வாசல்லேர்ந்து யாரும் குடிக்காமப் போனதில்ல."

குடித்தேன். கொதிக்கக் கொதிக்க இருந்தது. கீழே வைக்காமல் குடித்தேன். அவன் வேறு எதையும் கேட்கவில்லை. முட்டை, கூடை, மகள் எல்லாவற்றையும் நானாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அன்னைக்கு வாசல்ல நான் பேசினது தப்பு" என்றேன். அந்தச் சொல்லை என் தகப்பனார் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

பஸ்யூனி வலையை உதறினான். "வெறும் சோளம் தின்னா கோழி பாஷா மாதிரி ஆயிரும் ஹாஜ். பாஷா என்னைக்கு முட்டை போட்டாரு?" அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, ஆனால் கோபமும் வரவில்லை. பிறகு அவனே சாக்கைத் தூக்கி வைத்தான். "ஒரு பிடிக்கு மேல போடாதீங்க, முட்டை நாறும். கூடை போறதுக்குப் பத்து நாள் முந்தி மீனை நிறுத்திருங்க. உங்க வீட்டம்மா அப்படித்தான் செய்வாங்க. கொழுத்த கோழி உடனே திரும்பாது. மூணு வாரம், நாலு வாரம் ஆகும். பொறுக்கணும்."

மொட்டை மாடிக்கு நான் தினமும் ஏறினேன். கீழே நின்று குரல் கொடுத்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் "ஹாஜ் வந்துட்டாரு, மூடுங்கடி" என்று சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு ஏறினேன். சோளத்தைப் பாதியாக்கினோம். தானியத்தை வைக்கோலுக்குள் தூவி, கிளறித் தின்ன விட்டோம். புல்லை நான் நறுக்கினேன். இரண்டாம் வாரம் சிறகு பிடுங்குவது நின்றது. மூன்றாம் வாரம் ஒரு காலை ஐந்து முட்டை இருந்தது, மறுநாள் ஏழு. ஓடு கெட்டி. கூடு ஒன்றில் கைவிட்டபோது ஒன்று இன்னும் சூடாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வஹீபாவை நினைத்தேன். அவள் இந்தப் படிகளில் எனக்குத் தெரியாமல் சுமந்ததையெல்லாம் நினைத்தேன்.

இன்னும் இரண்டு வாரம் இருந்தால் நூறு சேர்ந்திருக்கும். இன்ஷிராஹுக்குப் பன்னிரண்டு நாள் முந்தியே வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. இருவரும் நலம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். கூடையில் நாற்பத்தொரு முட்டை இருந்தது.

"வாங்கிப் போட்டுரலாம் அப்பா" என்றான் முத்தவல்லி மறுபடி.

ஷலபிய்யா முக்காட்டு நுனியை முறுக்கினாள். "எங்க வீட்டுல இருக்கும் மாமா. நூறுக்குப் பத்தாதத அப்பா தருவாரு. அதே நிறம். மாமி கொடுத்த குஞ்சுலேர்ந்து வந்த கோழிங்கதான்."

மகளுக்குக் கொடுத்த வாக்கு நூறும் எங்கள் கோழியுடையது என்பது. இரவு முழுவதும் அதை வைத்துப் புரண்டேன். விடிந்ததும் ஷலபிய்யாவை அவள் தகப்பன் வீட்டுக்குப் போய் எடுத்து வரச் சொன்னேன். வைக்கோலுக்குள் இரண்டு வீட்டு முட்டையும் கலந்து அடுக்கப்பட்டது. எது எது என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் சம்பந்தி வீட்டில் கூடையையும் நான்கு கோழிகளையும் பெண்கள் பக்கத்துக்கு ஷலபிய்யாதான் எடுத்துப் போனாள். எங்கள் வீட்டில் வேறு பெண் இல்லை. நான் ஆண்கள் உட்காரும் அறையில் சம்பந்தியோடு இருந்தேன். நடுவில் ஒரு திரைதான். ஓலை பிரியும் சத்தம் கேட்டது. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தது. தஹிய்யா சத்தமாகவே எண்ணினாள். நூறில் நிறுத்தினாள். ஒரு முட்டை விளிம்பில் தட்டி உடைந்தது. "மாஷா அல்லாஹ்" என்று யாரோ ஒருத்தி சொன்னாள்.

"பொம்பள இல்லாத வீடு, என்னத்த அனுப்பப் போறாங்கன்னு நெனச்சேன்" என்றாள் தஹிய்யா. "எல்லாம் உங்க வீட்டுக் கோழி போட்டதாடி?"

ஷலபிய்யாவின் குரல், தெளிவாக.

"எல்லாம் ஹெமேதா வீட்டு முட்டைதான், அத்தை."

அவள் எனக்காகப் பொய் சொன்னாள். நான் சொல்லச் சொல்லவில்லை. அதோடு விட்டிருந்தால் முடிந்திருக்கும். என் மகளின் முகம் காப்பாற்றப்பட்டது, என் வாக்கும் ஊர் கண்ணுக்கு நின்றது. சம்பந்தி எனக்குத் தேநீரில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தன் தகப்பன் வீட்டை ஒரு சொல்லில் அழித்துவிட்டு, அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

எழுந்து திரைக்கு அருகே போனேன். "யா சாத்திர்" என்றேன். உள்ளே துணிகள் சரசரத்தன.

"உம் ஸாபிர்," என்றேன், தஹிய்யாவை அவள் மகன் பெயர் சொல்லி. "பாதிக்கு மேல எங்க சம்பந்தி பஸ்யூனி வீட்டு முட்டை. மீதியும் அவர் கொடுத்த தீனியில வந்தது. எம் மருமக மரியாதைக்காக மறைச்சுட்டா. நான் இன்ஷிராஹுக்கு வேற மாதிரி வாக்குக் கொடுத்தேன். அது நிறைவேறல."

உள்ளே யாரோ ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி அவளை அதட்டினாள். "ஏரிக்காரங்களா?" என்று ஒரு கிசுகிசுப்பு. ஆறு வருடம் அந்த வீட்டில் தலைகுனிந்திருந்த என் மகள் இப்போது என்னால் மறுபடி குனிகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணி," என்றது இன்ஷிராஹின் குரல், பலவீனமாக. "அங்க ஏன் நிக்கிற? இப்படி என் பக்கத்துல உக்காரு. பாப்பாவப் பிடி, நான் சாப்பிடணும்."

கட்டில் கிரீச்சிட்டது. அதன் பிறகுதான் தஹிய்யா வாய் திறந்தாள். "நெய்யக் காய வைங்கடி. பச்சப்பிள்ளைக்காரி பசின்னு சொல்றா, இங்க நீங்க முட்டைக்கு ஊர் விசாரிக்கிறீங்க." விசாரித்தது அவள்தான். யாரும் அதைச் சொல்லவில்லை.

எங்கள் வழக்கத்தில் கூடை வெறுமையாகத் திரும்புவதில்லை. புறப்படும்போது அதைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தார்கள். உள்ளே, முட்டை தந்த வீட்டுக்கு ஒன்று என்று, வெள்ளைத் துணியில் கட்டிய சர்க்கரை மூட்டை இருக்கும் என்று தெரியும். இரண்டு இருந்தன. ஒரே அளவு, ஒரே முடிச்சு. தஹிய்யா வாசலுக்கு வரவில்லை; ஆளனுப்பி எதுவும் சொல்லவும் இல்லை.

வண்டி வாய்க்கால் கரையில் போகும்போது ஷலபிய்யா ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இத வெள்ளிக்கிழமை நான் கொண்டுபோய் அப்பாகிட்ட குடுத்துர்றேன் மாமா."

"வேண்டாம்" என்றேன். "அது நான் கொண்டுபோய்க் குடுக்க வேண்டியது."